யூனிஃபார்ம் போட்ட மூன்று அடங்காத பிள்ளைகள்: ஒரு மாணவர் குறும்படத்துக்குக் காஸ்ட்யூம் செய்த அனுபவம்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டில் குறும்படம் எடுக்கும்போது கேமராவுக்கு நாலு பேர் போட்டி போடுவார்கள். எடிட்டிங்குக்கும் ஆள் கிடைக்கும். காஸ்ட்யூமுக்கு மட்டும் யாரும் கை தூக்க மாட்டார்கள். எங்கள் குழுவில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. சீனியர்களிடம் கேட்டால் லென்ஸ் பற்றியும் லைட் பற்றியும் மணிக்கணக்கில் பேசினார்கள். துணி பற்றிக் கேட்டால், "வீட்டிலிருந்து நல்ல டிரெஸ்ஸா எடுத்துட்டு வரச் சொல்லு" என்பதோடு சரி. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் தனியாகத்தான் சமாளித்தேன். பணமும் போனது, ஒரு செமஸ்டரின் நிம்மதியும் போனது. அடுத்து இந்த வேலையை எடுப்பவர்களுக்கு ஏதாவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கதை வடசென்னையில் நடக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் மூன்று பேர்: சரண், டேனி, மஞ்சு. கூடப் படிக்கும் ஒருவனுக்குப் பள்ளி டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறது. அதை எதிர்த்து இந்த மூன்று பேரும் ஒரு நாள் முழுக்க வகுப்புக்குப் போகாமல் பள்ளி வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். 20 நிமிடப் படம். டைரக்டர் என் வகுப்புத் தோழன், நல்ல ரசனை உள்ளவன். முதல் கூட்டத்திலேயே போனில் சேர்த்து வைத்திருந்த படங்களைக் காட்டினான். எல்லாம் லெதர் ஜாக்கெட், கிழிந்த ஜீன்ஸ், கழுத்தில் சங்கிலி, கண்ணில் அடர்ந்த மை. "பார்த்த உடனே இவங்க அடங்காத பசங்கன்னு தெரியணும்" என்றான்.

அந்த உடை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால்தான் அது ஏன் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்பது புரியும். 1953-ல் மார்லன் பிராண்டோ ஒரு படத்தில் கறுப்பு லெதர் ஜாக்கெட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். 1955-ல் ஜேம்ஸ் டீன் வெள்ளை டி-ஷர்ட்டுக்கு மேல் சிவப்பு ஜாக்கெட் போட்டு, ஜீன்ஸோடு வந்தார். அடங்காத இளைஞன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று உலகம் முழுக்கப் பதிந்துபோனது. ஆனால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கா. அந்தப் பையன்களின் கையில் செலவுக்குப் பணம் இருந்தது, ஓட்டக் கார் இருந்தது, பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் யூனிஃபார்ம் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மகன் டேனிக்கு லெதர் ஜாக்கெட் யார் வாங்கிக் கொடுப்பார்கள்? சென்னை வெயிலில் அதை எத்தனை நிமிடம் போட்டிருப்பான்? அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டில் எங்கே ஒளித்து வைப்பான்? இந்த மூன்றையும் டைரக்டரிடம் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. ஒரு கதாபாத்திரத்துக்கு எந்த உடை எடுத்தாலும் இந்த மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: காசு யாருடையது, எங்கே வாங்கியது, வீட்டில் யாருடைய கண்ணில் படும். பதில் வராத உடையைக் கதாபாத்திரம் போட்டிருக்காது. நாம்தான் போட்டுவிட்டிருப்போம்.

ஜாக்கெட்டை விட்டுக்கொடுத்தவன் அடுத்து வேறொன்றைப் பிடித்துக்கொண்டான். டேனிக்குப் 'புள்ளிங்கோ' லுக் வேண்டுமாம்: முன் முடியில் செம்பட்டைக் கலர், பக்கவாட்டில் ஒட்ட வெட்டிய பாக்ஸ் கட்டிங், காலைப் பிடிக்கும் பேன்ட். இது எனக்கு ஜாக்கெட்டை விடப் பெரிய சங்கடமாக இருந்தது. வடசென்னைப் பையன்களின் முடியைக் கேலி செய்து வந்த மீம்ஸ் எத்தனை, வீடியோக்கள் எத்தனை! அந்த முடியைத் திரையில் பார்த்ததும் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் பயப்படுவார்கள். டேனி வாயைத் திறப்பதற்கு முன்பே அவனைப் பற்றி முடிவு கட்டிவிடுவார்கள். அதற்காக அந்த முடியே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனசில்லை. அந்தப் பையன்கள் அதை எவ்வளவு ஆசையாக வைத்துக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும். சரி, அவர்களிடமே கேட்டுவிடலாம் என்று தெரிந்த அண்ணன் ஒருவரின் சலூனில் போய் உட்கார்ந்தேன்.

அங்கே ஒரு பையன் சொன்னதுதான் டேனியை எனக்குக் காட்டிக் கொடுத்தது. "அக்கா, கலர் லீவுலதான் அடிப்போம். ஸ்கூல் திறக்கிறதுக்கு முந்தின நாள் வெட்டிருவோம்" என்றான். காசுக்கு என்ன செய்வாய் என்றால், சனி, ஞாயிறு கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் சப்ளை. ஒரு முகூர்த்தத்துக்கு 500 ரூபாய். அதற்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் கட்டாயம். அந்தக் கறுப்பு பேன்ட்டைத்தான் கீழே பிடித்துத் தைத்து வெளியே போகும்போதும் போட்டுக்கொள்கிறான். டேனியின் பீரோ எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது. அவனிடம் இருப்பது பள்ளி யூனிஃபார்ம், ஒரு கேட்டரிங் பேன்ட், இரண்டு டி-ஷர்ட். படம் முழுக்க அவ்வளவுதான். கடைக்குப் போவதற்கு முன்னால் அந்த வயசுப் பிள்ளைகளிடம் போங்கள். ஆனால் கேமராவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கேமராவைப் பார்த்தால் நாம் கேட்க நினைப்பதையே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

அதன் பிறகு நான் டைரக்டரிடம் உறுதியாகச் சொன்னேன்: மூன்று பேரும் யூனிஃபார்மில்தான் இருக்க வேண்டும், அந்த யூனிஃபார்மை அவர்கள் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் எதிர்ப்பு தெரிய வேண்டும். நம் ஊரில் பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொந்தமாக முடிவெடுக்கக் கிடைக்கும் இடம் ரொம்பக் கொஞ்சம். சட்டையின் மேல் பட்டன், பின்பக்கம் மட்டும் வெளியே இழுத்துவிட்ட டக்-இன், தையல்காரரிடம் தனியாகப் போய்ப் பிடிக்கச் சொன்ன பேன்ட் என்று அதற்குள்தான் அத்தனையும் நடக்கிறது. வாத்தியார் வந்தால் இரண்டு நொடியில் சரிசெய்துகொள்ளலாம், போனதும் மறுபடி கலைத்துக்கொள்ளலாம். இது நடிகர்களுக்கும் கைவேலை கொடுத்தது. ஹெட்மாஸ்டர் நடந்து வரும் காட்சியில் சரணாக நடித்தவன் பட்டனைப் போட்டுக்கொள்வதும், டேனி போடாமல் அப்படியே நிற்பதும் வசனமே இல்லாமல் இரண்டு பேரையும் பிரித்துக் காட்டியது.

பையன்கள் இரண்டு பேருக்கும் ஒரே வெள்ளைச் சட்டைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு வெள்ளை. சரணின் அப்பா கடை வைத்திருப்பவர். அவன் சட்டையில் அம்மா போட்ட சொட்டு நீலமும் இஸ்திரி மடிப்பும் இருக்கும். டேனி வீட்டில் போர் தண்ணீர், உப்புத் தண்ணீர். அதில் தோய்த்துத் தோய்த்துச் சட்டை பழுப்பேறியிருக்கும். அதுவும் அண்ணன் போட்ட சட்டை. அண்ணன் வேறு பள்ளியில் படித்தவன். அதனால் பாக்கெட்டில் பழைய பேட்ஜைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெள்ளையாக, சுற்றிலும் ஊசித் துளைகளோடு தெரிய வேண்டும், அதை மறைத்தும் மறைக்காமலும் புதுப் பேட்ஜ் கொஞ்சம் விலகி இருக்க வேண்டும். புதுச் சட்டையில் ஒரு துணித் துண்டைத் தைத்து, மீதிச் சட்டையைச் சாயம் ஏற்றி, பிறகு துண்டைப் பிரித்து எடுத்தேன். திரையில் ஒரே ஒரு குளோசப்பில்தான் அது வருகிறது. ஆனால் டேனியாக நடித்த தம்பி அந்தச் சட்டையைப் போட்ட முதல் நாள் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எங்க வீட்டுச் சட்டை மாதிரியே இருக்கு" என்றான். எனக்கு அது போதும்.

மஞ்சு கொஞ்சம் கஷ்டம். பெண் பிள்ளையின் அடங்காமையைக் காட்ட வேண்டும் என்றதும் எல்லாரும் உடையைச் சின்னதாக்கத்தான் யோசிக்கிறார்கள். எங்கள் குழுவிலும் அதே பேச்சு வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, ரிப்பன், இரண்டு தோளிலும் பின் குத்திய துப்பட்டா, வெள்ளை சாக்ஸ், கறுப்பு ஷூ. மஞ்சு அப்படியே இருக்கட்டும், சாக்ஸுக்குள் கால் விரலில் மட்டும் கருஞ்சிவப்பு நெயில் பாலிஷ் என்று வைத்தோம். பள்ளியில் யாரும் பார்க்க முடியாது. வாசலில் உட்கார்ந்த பிறகு வெயில் ஏற ஏற அவள் ஷூவைக் கழற்றுகிறாள், அப்போதுதான் தெரிகிறது. கைவிரல் நகத்தில் பூசியிருந்தால் காலை அசெம்பிளியிலேயே மாட்டியிருப்பாள். தண்டனை வரும் இடம் எது, வராத இடம் எது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும் அல்லவா? காஸ்ட்யூம் செய்கிறவருக்கும் அது தெரிய வேண்டும்.

இனி வேலை நுணுக்கம். கடையில் வாங்கின புது வெள்ளைச் சட்டை மதிய வெயிலில் கேமராவில் பளீரென்று வெளிறிப்போகும். சட்டைக்காக எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்வாங்கும் வெளிச்சத்தைக் குறைத்தால் மாநிறமான, கறுத்த முகங்கள் இருட்டில் போய்விடும். நம் நடிகர்களின் முகம் தெரிய வேண்டுமென்றால் சட்டையைத்தான் அடக்க வேண்டும். வழி சுலபம்: தேநீர்ச் சாயம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, டீத்தூள் போட்டு இறக்கி, நன்றாக வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒரு தூள் தங்கினாலும் சட்டையில் புள்ளி விழும். சட்டையை முதலில் பச்சைத் தண்ணீரில் முழுக்க நனைத்து, பிறகு சாயத்தில் போட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நனைக்காமல் போட்டால் திட்டுத் திட்டாக ஏறும். யூனிஃபார்ம் சட்டைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தவை, சாயம் குறைவாகத்தான் பிடிக்கும். அதனால் ஓரத்துணியில் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சரண் சட்டைக்குக் கொஞ்ச நேரம், டேனி சட்டைக்கு அதிக நேரம். காலர் உள்பக்கத்தையும் முழங்கை மடிப்பையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பழசாகிவிடும். பொடிக் கட்டம் போட்ட துணியைத் தவிருங்கள், கேமராவில் அது அலை அலையாக நெளியும்.

சட்டை, பேன்ட் எல்லாம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கினேன், டி-ஷர்ட்டும் பையும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். அப்போது டேனி கையில் கட்டப் இரண்டு கலர் கலந்த பளிச்சென்ற கயிறு ஒன்றும் வாங்கி வந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு படிக்கும் தோழி அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இதைக் கட்டாதே. எங்க ஊர்ல கயிறோட கலரைப் பார்த்தே என்ன சாதின்னு சொல்லுவாங்க" என்றாள். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில் பள்ளியில் கலர் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் கூடாது என்று பரிந்துரைத்திருந்தது. அலங்காரத்துக்கு என்று நாம் கட்டும் கயிறு ஒரு பையனைச் சாதியாகக் காட்டிவிடும். திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு மாணவனுக்கு அது மிரட்டலாகவும் தெரியலாம். கயிற்றை எடுத்துவிட்டோம். கயிறு, பாசி, தோடு, டாட்டூ, டி-ஷர்ட்டில் இருக்கும் படம், கட்சிக் கலர் என்று எல்லாவற்றையும் வேறு வேறு மாவட்டத்துக்காரர்கள் இரண்டு பேரிடமாவது காட்டிவிடுங்கள். பேட்ஜை எந்தப் பள்ளியோடும் ஒத்துப்போகாமல் நீங்களே வரையுங்கள்.

படப்பிடிப்பைக் காலாண்டு விடுமுறையில் வைத்தோம். நடித்த மூன்று பேரும் நிஜமாகவே பிளஸ் ஒன் படிப்பவர்கள், அவர்களுக்கு அப்போதுதான் லீவு. டேனியின் முடிக்குக் கலர் உண்டு என்றே கடைசியில் முடிவானது. அதற்குத் தலைமுடியில் பூசும் கலர் மெழுகு பயன்படுத்தினோம், தண்ணீர் ஊற்றினால் போய்விடும். யாராவது பிளீச் பண்ணலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். படம் முடிந்த பிறகும் அந்தப் பிள்ளை அந்தத் தலையோடு பள்ளிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது நாள் மாலை நடந்ததை இன்றும் நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது. லைட் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சரணும் டேனியும் காஸ்ட்யூமிலேயே கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்த பைக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ரோந்து வண்டி வந்தது. நான் ஓடிப் போவதற்குள் சாவியைப் பிடுங்கி, இரண்டு பேரையும் தரையில் உட்கார வைத்து, போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்விகள் எல்லாம் டேனியிடம்தான். இஸ்திரிச் சட்டை போட்ட சரணிடம் வீட்டு முகவரி மட்டும் கேட்டார்கள். "எந்த ஏரியாடா, என்ன கேஸ் இருக்கு உன் மேல" என்று கேட்டபோது அந்தத் தம்பிக்கு வாயே வரவில்லை. அவன் உண்மையில் அமைதியான பிள்ளை, அவன் அப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். நான் டீயில் முக்கி எடுத்த பழுப்புச் சட்டையும் மெழுகு பூசிய முடியும்தான் அவனை அந்த இடத்தில் உட்கார வைத்தன. கல்லூரிக் கடிதம் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. விட்டுவிட்டார்கள். ஆனால் அன்றைய வெளிச்சம் போனது, அந்த நாளின் கேமரா வாடகை 6,500 ரூபாயும் போனது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. டேனி மாதிரிப் பிள்ளைகள் இதைத் தினமும் அனுபவிக்கிறார்கள், அவர்களுக்குக் காட்டக் கல்லூரிக் கடிதமும் கிடையாது.

அதனால் சொல்கிறேன்: கல்லூரிக் கடிதத்தை உள்ளூர் ஸ்டேஷனில் முன்கூட்டியே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, நடிகர் ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் ஒன்று வையுங்கள். டேக் முடிந்ததும் மேலே போட்டுக்கொள்ள அவரவர் சொந்தச் சட்டை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காஸ்ட்யூமோடு யாரையும் டீக்கடைக்குக்கூட அனுப்ப வேண்டாம், வீட்டுக்குப் போகும் முன் தலையைக் கழுவி அனுப்புங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களை பைக் ஓட்ட வைக்கவே கூடாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டிச் சொந்தக்காரருக்கு அல்லது பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. சிகரெட்டும் அப்படித்தான். அடங்காத பையன் என்றால் வாயில் சிகரெட் என்று எழுதிவிடுகிறார்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் கையில் புகையிலைப் பொருளைக் கொடுத்தாலே ஏழு ஆண்டு வரை கடுங்காவல். எங்கள் ஸ்கிரிப்டிலும் ஒரு சிகரெட் இருந்தது, அதை எடுத்ததால் டேனிக்கு ஒன்றும் குறையவில்லை. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களை நடிக்க வைத்தால் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கும்போது முடி, உடை, நெயில் பாலிஷ் எல்லாவற்றையும் அதில் குறிப்பிடுங்கள்.

கடைசி அடி முடியில்தான் விழுந்தது. விடுமுறையின் கடைசி இரண்டு நாள் மாலையில் இடி மழை, மிச்சக் காட்சிகளை வார இறுதிக்குத் தள்ளினோம். பள்ளி திறந்த அன்று, கலரெல்லாம் கழுவிப் போயிருந்தும், மேல்முடி நீளமாக இருக்கிறது என்று சொல்லி டேனியாக நடித்த தம்பியை வாசலிலேயே நிறுத்தி ஒட்ட வெட்டிவிட்டார்கள். அவன் அம்மா போனில் சொன்னபோது எனக்கு முதலில் கண்டினியூட்டி (காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் இருப்பது) ஞாபகம் வரவில்லை, அவன் முகம்தான் வந்தது. டைரக்டர், "இதையே கதையில் வைத்துவிடலாம், பிரமாதமாக இருக்கும்" என்றான். தம்பியிடம் கேட்டோம். "வேணாம்ணா" என்று ஒரே வார்த்தை. அதற்கு மேல் வற்புறுத்த விடவில்லை நான். வடபழனியில் விக் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தூரத்து ஷாட்களை மட்டும் எடுத்தோம். அவனுடைய நாலு முக்கியமான குளோசப் படத்தில் கிடையாது. நடிகர் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் முகமும் முடியும் தெரியும் ஷாட்களை முதல் இரண்டு நாளிலேயே எடுத்துவிடச் சொல்லிச் சண்டை போடுங்கள். பின்பக்கம், தூரம், கை, கால் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கைச் சொல்கிறேன். மொத்த பட்ஜெட் 60,000 ரூபாய், அதில் காஸ்ட்யூமுக்கு ஒதுக்கியது 8,000. ஆனது 19,000-க்கு மேல். ஒவ்வொரு சட்டையிலும் இரண்டு செட் தேவைப்பட்டது. உட்கார்ந்து எழுந்த அழுக்கு காட்சிக்குக் காட்சி ஒரே அளவில் இருக்க வேண்டும், படமோ வரிசையாக எடுப்பதில்லை. வாத்தியார்களாக நடித்தவர்களுக்கு எடுத்த வாடகைத் துணியில் மையைக் கொட்டிவிட்டார்கள், கடைக்காரர் டெபாசிட் 3,000-த்தைத் திருப்பித் தரவில்லை. லேப்டாப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தைத்தான் போட்டேன், அதில் பாதிதான் திரும்பி வந்தது. நீங்கள் 60,000-த்தில் படம் எடுத்தால் காஸ்ட்யூமுக்கு 15,000 கேளுங்கள், அதிலும் 3,000 ரூபாயை ரொக்கமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைத் துணியை வாங்கும்போதே ஏற்கெனவே இருக்கும் கறை, கிழிசல் எல்லாவற்றையும் கடைக்காரர் எதிரிலேயே போட்டோ எடுத்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒரு நோட்டில் காட்சி எண், கதையில் அது எந்த நாள், எத்தனையாவது பட்டன் வரை போட்டிருக்கிறது, கை மடிப்பு எத்தனை, அழுக்கு எங்கே என்று எழுதி, ஷாட் முடிந்த உடனே முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போனில் எடுத்துவிடுங்கள். துணிப் பையின் பொறுப்பைக் கேமரா உதவியாளரிடம் கொடுக்காதீர்கள், அவருக்கு லென்ஸ் பெட்டியைப் பார்த்துக்கொள்வதற்கே நேரம் போதாது.